பட்டா இல்லை என்றால் யாருடையதும் இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். லிபர்லாந்து என்ற புதிய 'நாடு' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என் பேரன்தான் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். "யாரும் உரிமை கோராத இடமாம் தாத்தா, நாமும் குடிமக்களாகப் பதிந்துகொள்ளலாமா?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நில அளவராக வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு சொற்றொடர் என்னைத் தூங்கவிடவில்லை.

2015 ஏப்ரல் 13 அன்று செக் நாட்டு அரசியல்வாதி வீட் யெட்லிச்கா, டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் கோர்ன்யா சிகா என்ற ஏழு சதுர கிலோமீட்டர் காட்டில் மஞ்சள் கொடியை ஏற்றி, அதை லிபர்லாந்து என்ற தனி நாடு என்று அறிவித்தார். அந்தக் கொடியையும் கிரிப்டோ நாணயத்தையும் கட்டுரை விரிவாகவே சொல்கிறது. குரோஷியாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவில் அப்படி ஒரு துண்டு எப்படிக் கேட்பாரற்றுப் போனது என்பதை மட்டும் சொல்லவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

கொள்ளிடக் கரைக் கிராமங்களில் அளவு வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெள்ளம் ஒரு கரையைத் தின்று, மறு கரையில் திட்டு போடும். கிராம வரைபடம் மாறாது. அக்கரையில் கிடக்கும் மண்ணுக்கு இக்கரைக் கிராமத்துப் பதிவேட்டில் புல எண் இருக்கும். டான்யூபிலும் நடந்தது இதுதான். அங்கே ஆற்றை மனிதர்களும் நகர்த்தினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் போக்குவரத்துக்காகவும் வெள்ளத் தடுப்புக்காகவும் அதன் வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். கிராமங்களின் பழைய எல்லைக்கோடு மட்டும் வளைந்து வளைந்தே நின்றுவிட்டது. ஆறு நேராக ஓட, கோடு ஆற்றின் இருபுறமும் மாறி மாறிப் போகிறது.

குரோஷியாவும் செர்பியாவும் குடியரசுகளாகச் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்தவரை இது பெரிய சிக்கலாகவில்லை. அது உடைந்தபோது, குடியரசுகளுக்கு இடையிலிருந்த உள் எல்லைகளே இனி நாட்டு எல்லைகள் என்று 1992 ஜனவரியில், ஐரோப்பிய சமூகம் அமைத்த பாதிந்தேர் நடுவர் குழு கருத்துச் சொன்னது. எந்த உள் எல்லை என்பதில்தான் தகராறு. பழைய கிராமப் பதிவேட்டுக் கோடே எல்லை என்கிறது குரோஷியா. இன்று ஓடும் ஆற்றின் நடுக்கோடே எல்லை என்கிறது செர்பியா.

இந்த இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தால் போதும். கிழக்குக் கரையில் சிக்கும் துண்டுகளை இருவருமே கேட்கிறார்கள். அவை கிட்டத்தட்ட 100 சதுர கிலோமீட்டர், பெரும்பாலும் செர்பியாவின் கையில் உள்ளன. மேற்குக் கரைத் துண்டுகள் பதிவேட்டுப்படி செர்பியாவுடையவை, ஆற்றுப்படி குரோஷியாவுடையவை. அதனால் இருவருமே "அது உன்னுடையது" என்கிறார்கள். அப்படிப்பட்ட துண்டுகளில் பெரியதுதான் கோர்ன்யா சிகா. அதைக் குரோஷியா இன்று தன்னுடையது என்று சொன்னால், ஆற்று நடுக்கோட்டை ஒப்புக்கொண்டதாகும்; கிழக்கே உள்ள பெரும்பரப்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். செர்பியா கேட்டால், பழைய பதிவேடு செல்லும் என்று அதுவே ஒப்புக்கொண்டதாகும். வேண்டாம் என்று யாரும் வீசியெறிந்த மண் இல்லை இது. பெரிய வழக்குக்காக இரு தரப்பும் கேட்காமல் வைத்திருக்கும் மண்.

இதை வெறும் காகிதச் சண்டையாக எழுதுவதும் சரியில்லை. யூகோஸ்லாவியா உடைந்த போரில், 1991-இல் 87 நாள் முற்றுகையில் குரோஷியாவின் வுகோவார் நகரம் இடிந்து நொறுங்கியது இதே ஆற்றங்கரையில்தான். 2002 ஜூலையில், இதே ஆற்றில் தகராறில் உள்ள ஷாரென்கிராத் தீவுக்குப் படகில் சென்ற வுகோவார் மேயர் உள்ளிட்ட குரோஷியர்களை, எச்சரிக்கையாகச் சுட்டு, பிடித்துவைத்துப் பிறகு விடுவித்தது யூகோஸ்லாவிய ராணுவம் (செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் சேர்ந்திருந்த நாட்டுக்கு அப்போதும் அந்தப் பெயர்தான்). அவ்வளவு ரணம் உள்ள இடத்தில் வெளியூரிலிருந்து வந்து ஒருவர் கொடி நடுவதைக் கரையோர மக்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

செர்பியா, தன் எல்லையை இது தொடவில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. குரோஷியாவின் நிலை அப்படியல்ல. அந்த இடம் தனக்கோ செர்பியாவுக்கோ போகலாமே தவிர மூன்றாவது ஒருவருக்கு அங்கே இடமில்லை என்று அது சொல்லியிருக்கிறது. 2015 மே மாதமே யெட்லிச்காவைக் கைது செய்தது. 2023 செப்டம்பரில் அங்கே குடியேறியவர்கள் போட்டிருந்த குடில்களை அதன் காவல்துறை அகற்றியது. நாடு என்பதற்கு நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் ஆகிய நான்கும் வேண்டும் என்கிறது 1933-ஆம் ஆண்டு மாண்டிவிடியோ உடன்படிக்கை. லிபர்லாந்துக்காரர்களால் நிம்மதியாக ஓர் ஆண்டு அங்கே குடியிருக்கவே முடியவில்லை. ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அங்கீகரிக்கவில்லை. லிபர்லாந்து கடவுச்சீட்டை நம்பி ஒரு பிள்ளை விமான நிலையத்தில் போய் நின்றால் என்ன ஆகும்?

குறைந்த வரி, தலையிடாத அரசு என்ற அவர்களுடைய ஆசையை நான் குறை சொல்லவில்லை. கட்டுரை சொல்லும் 'யாருடையதும் அல்லாத நிலம்' என்ற சொல்லைத்தான் எதிர்க்கிறேன். அந்த எண்ணத்தை வைத்துத்தான் ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளை அவர்கள் மண்ணிலேயே இல்லாதவர்களாக்கினார்கள். அது தவறு என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் சொன்னது 1992-இல்தான். கோர்ன்யா சிகாவில் அப்படிக் குடிகள் இல்லை, உண்மை. ஆனாலும் அந்தச் சொல்லை இவ்வளவு எளிதாக நாம் அச்சிடக் கூடாது. நம் ஊரிலும் பட்டா இல்லாத புறம்போக்கை 'யாருடையதும் இல்லை' என்று வேலி போட்டவர்களால், மேய்ச்சலுக்கு இடமில்லாமல் ஆடுமாடுகளோடு தவித்த குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த இதழில் அந்த இரண்டு எல்லைக்கோடுகளையும் காட்டும் ஒரு வரைபடத்தை வெளியிட வேண்டுகிறேன். பேரனுக்கு நான் பென்சிலால் வரைந்து காட்டினேன். கட்டுரையைப் படித்த மற்ற பிள்ளைகளும் அதைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
சீர்காழி