பேத்திக்கு டேப்லெட்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

பேத்திக்கு டேப்லெட் வாங்கினால் ஆப்பிளின் ஐபேட் தவிர வேறெதுவும் கூடாதென்று மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறார், அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டிருந்தாய். 2010 ஏப்ரலில் 499 டாலருக்கு அது வந்தபோதே இதைத்தான் நானும் கேட்டேன். போட்டிக்கு வந்தவர்கள் சாமானியர்கள் இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனியான எச்.பி.யின் டச்பேட் டேப்லெட் 2011 ஜூலை 1 அன்று அதே விலைக்குக் கடைக்கு வந்தது. 49 நாளில் கைவிட்டு, மிச்சத்தை 99 டாலருக்குத் தள்ளினார்கள். அந்த விலைக்கு ஜனம் அள்ளிக்கொண்டு போனது. திரையில் திறந்திருக்கும் வேலைகளைச் சீட்டுபோல விரித்துத் தள்ளும் அழகு அதில் இருந்தது. ஆனால் போட்டுக்கொள்ள ஆப்கள் சொற்பம்.

எனக்கு மனசு ஆறாதது பிளாக்பெர்ரி விஷயத்தில்தான். மெயிலுக்காகவே அந்த ஃபோனை நம்பிக் கிடந்த கூட்டம் எவ்வளவு! அவர்களுக்கு 2011-இல் பிளேபுக் டேப்லெட்டைக் கொடுத்தபோது, மெயிலுக்கென்று ஓர் ஆப்கூட உள்ளே இல்லை. ஃபோனோடு இணைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க 2012 பிப்ரவரி ஆயிற்று. அத்தனை விசுவாசமாக இருந்தவர்களை இப்படியா நடத்துவது?

போட்டியால் நன்மையும் வந்தது. அமேசானின் கிண்டில் ஃபயர், கூகுளின் நெக்ஸஸ் 7, இரண்டும் ஏழு அங்குலத் திரையோடு 199 டாலருக்கு வந்தன. ஏழு அங்குலம் எதற்கும் உதவாது என்று 2010-இல் தன் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அடித்துச் சொன்ன அதே ஆப்பிள், 2012 நவம்பரில் 7.9 அங்குல ஐபேட் மினியை இறக்கியது.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. கமலா எட்டு வருஷமாக வீணை வகுப்புக் குறிப்புகளை ஒரே டேப்லெட்டில் பேனாவால் எழுதுகிறாள். கமகத்துக்கு ஒரு சுழி, தாளத்துக்குச் சிவப்புக் கோடு. பிள்ளைகள் தப்பாக வாசித்த இடத்தை அழித்துத் திருத்திய தடம்கூட இருக்கிறது. போன மாதம் வேறு கம்பெனி டேப்லெட் ஒன்றை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். குறிப்புகளை அதற்கு மாற்றினோம், எல்லாம் வெறும் படமாக வந்து நின்றன. சுழியைத் தொட்டு நகர்த்த முடியவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் விரிசல் விட்ட பழையதையே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் பிடிவாதமும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. வாங்கிய ஆப், போட்டோ, எழுதியது என்று எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால், ஆள் எப்படி நகர்வான்?

ஆனால் உன் பேத்திக்கு இன்னும் எதுவும் சேரவில்லை. ஆகையால் பெயரைப் பார்க்காதே. எத்தனை வருஷம் அப்டேட் வரும், அவள் எழுதியதை வெளியே எடுக்க வழி உண்டா, இந்த இரண்டையும் கடையில் கேட்டுவிட்டு வாங்கு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்குக் கட்டாயம் வாருங்கள்.

அன்புடன்,
ராமு