அரபி வகுப்பில் அலிஃப் தெரியாதவர்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 முடித்தவர்கள் என்னென்ன வெளிநாட்டு மொழிகள் படிக்கலாம் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான் மொழிக்கெல்லாம் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, அரபியை மட்டும் 'வளைகுடாவில் வேலை தேடுவோருக்குப் பயன்படும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். நான் சென்னைக் கல்லூரி ஒன்றில் பி.காம். படிக்கிறேன். மொழிப் பாடமான பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதிலாக அரபி எடுத்திருக்கிறேன். அரபியின் முதல் இரண்டு எழுத்துகளான அலிஃபுக்கும் பாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய் உட்கார்ந்தவள் என்பதால் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஏன் அரபி என்று கேட்காத ஆள் இல்லை. 'மதம் மாறப் போறியா?' என்றார் சித்தி. 'மார்க் அள்ளலாம்னு எடுத்தியா?' என்றார்கள் விடுதியில். உண்மைக் காரணம் என் அப்பா. அவர் சவூதி அரேபியாவில் தம்மாம் நகரில் கிரேன் ஓட்டுகிறார். சவூதி தொழிலாளர் சட்டப்படி வேலை ஒப்பந்தம் அரபியில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஆங்கிலத்தில் போட்டிருந்தாலும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அரபியில் உள்ளதுதான் செல்லும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருவிலிருந்து மட்டும் எத்தனையோ பேர் அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் கிடையாது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அரபி புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருது மூன்றுக்கும் சேர்த்து ஒரு துறை இருக்கிறது. புதுக்கல்லூரி, திருச்சி ஜமால் முகமது கல்லூரி போன்ற இடங்களில் அரபித் துறைகள் உண்டு. நான் சொல்ல வரும் குறை, என்னைப் போல முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறவரை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது. எங்கள் வகுப்பில் முதல் நாளே பாடநூலைத் திறந்து வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். மற்ற எல்லாரும் சின்ன வயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதி முடித்தவர்கள். கடகடவென்று வாசித்தார்கள். நான் எந்தப் பக்கத்திலிருந்து புரட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அவ்வளவு அழகாக ஓதும் தோழிகளுக்கும் வாசித்ததில் பாதிக்கு மேல் பொருள் தெரியாது. குர்ஆனில் ஜபர், ஜேர், பேஷ் என்று உயிர்க்குறிகள் எல்லாம் போட்டே அச்சடித்திருப்பார்கள். அரபிச் செய்தித்தாளில் அவை இருக்காது. மெய்யெழுத்துகளும் நெடில்களும் மட்டும் வரிசையாக நிற்கும். 'எழுதினான்' என்பதற்கான 'கதப', 'எழுதப்பட்டது' என்பதற்கான 'குதிப', 'புத்தகங்கள்' என்பதற்கான 'குதுப்' மூன்றுக்கும் தாளில் ஒரே உருவம்தான். வாக்கியம் புரிந்தால்தான் சரியாக வாசிக்க முடியும். வாசிக்க முடிந்தால்தானே புரியும் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். ஆக, அவர்களும் தொடக்கநிலைதான், நானும் தொடக்கநிலைதான். பாடத்திட்டத்துக்கு மட்டும் இது தெரியவில்லை.

எழுத்துகள் மொத்தம் 28. இடத்துக்கு ஏற்ப உருவம் மாறும். ஆறு எழுத்துகள் அடுத்த எழுத்தோடு கை கோக்காது. இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். எண்கள்தான் வேடிக்கை. அங்கே ஐந்து நம் பூஜ்யம் மாதிரி இருக்கும், பூஜ்யம் வெறும் புள்ளி. உண்மையான சோதனை ஒலிகளில்தான். தமிழில் எழுதிக்காட்டினால் 'ஹ' என்று ஒன்றாகிவிடுவது அங்கே இரண்டு. 'ஸ' இன்னும் மோசம். ஐன் என்ற எழுத்துக்குத் தொண்டையை இறுக்க வேண்டும். அதை நான் விடுதி மொட்டைமாடியில் பயிற்சி செய்து வார்டனிடம் திட்டு வாங்கினேன். இன்னொரு பக்கம், 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். அதில் வரும் இரண்டாவது 'ப'தான் அரபியில் உண்டு, முதல் 'ப' கிடையாது.

காயல்பட்டினத்துத் தோழி ஒருத்தி தன் பாட்டியின் அரபுத்தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். எழுத்து அரபி, மொழி தமிழ். நம் முதல் 'ப', ட, ழ போன்றவற்றுக்கு அரபி எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டி, இடம் மாற்றிப் புது எழுத்து செய்து வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன், புரிந்தது! அந்த எழுத்தில் நான் வாசித்துப் பொருள் விளங்கிய முதல் பக்கம் அதுதான். தமிழ்நாட்டில் அரபி எழுத்து சொல்லித்தர இதைவிட நல்ல கருவி என்ன இருக்கிறது? எங்கள் பாடத்திட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இலக்கணத்திலும் இதே கதை. மனிதர் அல்லாதவை பன்மையில் வந்தால் அரபியில் பெண்பால் ஒருமை வினை போட வேண்டும். அப்படியே தமிழாக்கினால் 'கார்கள் வந்தாள்'. இதை ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி விளக்கியபோது வகுப்பே விழித்தது. உயர்திணை, அஃறிணை என்று இரண்டே சொல்லில் முடித்திருக்கலாம். 'மாடுங்க வந்துச்சு' என்று பன்மைக்கு ஒருமை போட்டுத் தினமும் பேசுகிறவர்கள்தானே நாம்? ஆனால் எங்கள் கல்லூரியில் விளக்கம் ஆங்கிலத்தில், விடையும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் பாடநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்து பாஸாகிறார்கள். மார்க் அள்ளும் ரகசியம் அவ்வளவுதான்.

அப்புறம் பேச்சு. நான் படிக்கும் நூல்வழக்கில் 'மாதா துரீது?' என்று அப்பாவிடம் போனில் கேட்டேன். டிவியில் செய்தி வாசிப்பவர் மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். 'என்ன வேண்டும்' என்பதற்கு அவர் இருக்கும் இடத்தில் வேறு சொற்கள். கெய்ரோவில் வேறு, மொராக்கோவில் இன்னும் வேறு. அப்பாவுக்குப் பேச வரும், கடைப் பலகைகூட வாசிக்க வராது. எனக்குப் பலகை வாசிக்க வரும், கடையில் போய் நின்றால் வாய் திறக்க வராது.

ஒருமுறை அவர் தன் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். காயல்பட்டினத் தோழியும் நானும் அகராதியோடு உட்கார்ந்தோம். பெரும்பாலான அரபி அகராதிகளில் சொல்லை முதலெழுத்து பார்த்துத் தேட முடியாது. அதன் வேர் எழுத்துகளைக் கண்டுபிடித்துத் தேட வேண்டும். ஒரு சொல் எங்களை மாலை முழுக்கப் பிடித்து வைத்தது. அலிஃபில் தேடினோம், இல்லை. கடைசியில் அது 'ரமளான்' என்று எழுதும்போது ள போடுகிறோமே, அந்த எழுத்தின் கீழ் இருந்தது. இளாஃபிய்யா, 'கூடுதல்' என்று பொருள். கூடுதல் நேர வேலை பற்றிய வரி அது. கூடுதல் நேரத்துக்கு மணிக்கூலியோடு அந்த மணிக்கான அடிப்படைச் சம்பளத்தில் பாதியும் சேர்த்துத் தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அப்பாவிடம் சொன்னேன், சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்திருக்கிறார்.

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஓர் எழுத்தும் தெரியாதவர் அரபி இளங்கலையில் சேரலாம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளியிலேயே அரபி உண்டு. இங்கே மட்டும் ஏன் இது மதரஸாவின் தொடர்ச்சியாகவே இருக்க வேண்டும்? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு அரபி கற்பிக்க 88 வாரங்கள், 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஸ்பானிஷுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். எங்கள் செமஸ்டர்களில் அதன் ஓரத்தைக்கூடத் தொட முடியாது என்பது தெரியும். அதனால்தான் இருக்கிற நேரத்தையாவது ஒழுங்காகச் செலவிடுங்கள் என்கிறேன். எழுத்தே தெரியாதவர்களுக்கு முதல் செமஸ்டரில் தனி வகுப்பு, தமிழில் விளக்கம், தமிழில் விடை எழுத அனுமதி. வளைகுடாப் பேச்சு வழக்கு ஒன்றை முதல் ஆண்டிலிருந்தே சேர்த்துச் சொல்லிக்கொடுத்து வாய்மொழித் தேர்வும் வைக்கலாம். பழங்காலக் கதைகளில் ஒன்றிரண்டைக் குறைத்துவிட்டு ஒரு வேலை ஒப்பந்தத்தையும் வங்கிப் படிவத்தையும் பாடமாக வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது, குர்ஆன் ஓதாமல் நேரடியாக வகுப்புக்கு வந்த மாணவர் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்கட்டும். கூப்பிட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பி.காம். மாணவி, சென்னை
(சொந்த ஊர்: மன்னார்குடி)