கிளாடா மோதிரத்தின் பழமை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் அயர்லாந்தின் பழைய வெள்ளி மோதிரங்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இரு கைகள் ஏந்திய இதயத்தின்மேல் மகுடம் அமைந்த கிளாடா மோதிரத்தில் கைகள் நட்பையும், இதயம் காதலையும், மகுடம் விசுவாசத்தையும் குறிக்கும் என்பதைக் கட்டுரையாளர் அழகாக விளக்கியிருந்தார். ஆனால் அதன் பழமையைப் பற்றிய பகுதியில், அடிமையாக இருந்த பொற்கொல்லர் ஒருவர் தம் காதலிக்காக இதை வடித்தார் என்று நகைக்கடைகள் சொல்லும் கதையே வரலாறாக அச்சேறிவிட்டது.

அயர்லாந்தின் கால்வே நகரத்துப் பொற்கொல்லர் ரிச்சர்ட் ஜாய்ஸ் கடற்கொள்ளையரிடம் சிக்கி, வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸில் அடிமையாக விற்கப்பட்டு, அங்கே ஒரு பொற்கொல்லரிடம் தொழில் பழகி, இங்கிலாந்தில் மூன்றாம் வில்லியம் அரியணை ஏறிய 1689-ஐ ஒட்டி விடுதலையானார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1700-ஐ ஒட்டிய மோதிரங்களில் அவருடைய முத்திரை இருப்பது உண்மைதான். ஊரில் காத்திருந்த காதலிக்காக அடிமை வாழ்வில் இதை வடித்தார் என்பது கதையாகவே நிற்கிறது. கைகள் இணைந்த மோதிரங்களோ ரோமானியர் காலம் முதலே ஐரோப்பாவில் அணியப்பட்டவை. கால்வே மதிலுக்கு வெளியே இருந்த மீனவர் குடியிருப்பின் பெயரான கிளாடா, மோதிரத்துக்கு வழங்கத் தொடங்கியதும் 1830-களுக்குப் பிறகே.

வாங்குவோருக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று விடுபட்டுவிட்டது. தொடக்ககாலத்தைச் சேர்ந்தவையாக எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தங்க மோதிரங்கள். ஆகவே, முந்நூறு ஆண்டுப் பழைய வெள்ளி மோதிரம் என்று யாரேனும் விலை சொன்னால், வளையத்தின் உட்புறத்தை உருப்பெருக்கியால் பார்ப்பது நல்லது. டப்ளின் பொற்கொல்லர் சங்கம் 1637-இல் அரச பட்டயம் பெற்றது. அங்கே தூய்மை சோதிக்கப்பட்ட பொருளில் மகுடம் சூடிய யாழும், பதினெட்டாம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்ட அயர்லாந்தை உருவகிக்கும் ஹிபெர்னியா என்னும் பெண் உருவமும், ஆண்டைக் காட்டும் எழுத்தும் இருக்கும். பழைய கால்வே மோதிரங்களில் செய்தவரின் முத்திரை மட்டுமே இருப்பதும் உண்டு என்பதால், டப்ளின் முத்திரை இல்லாததாலேயே ஒன்றைப் போலி என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும் 925 என்ற எண் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் அண்மைக்கால வேலைப்பாடு என்று கொள்ளலாம்.

எந்தக் கையில் எந்தத் திசை நோக்கி அணிந்தால் மணமானவர், எப்படி அணிந்தால் மணமாகாதவர் என்பதற்கு அரைப்பக்கம் ஒதுக்கிய கட்டுரை, முத்திரைகளுக்கு ஒரு பத்தியேனும் தந்திருக்கலாம். இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, மோதிரத்தின் முகப்போடு உட்புற முத்திரையின் படத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை