செயற்கைக்கோள் பதில் சொல்வதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், கைபேசி செயற்கைக்கோளிடம் ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்று கேட்பதாகவும், அது உடனே பதில் அனுப்புவதாகவும் ஒரு வரி வந்திருக்கிறது. சட்டைப்பையில் கிடக்கும் கருவி, அந்தத் துளியூண்டு பேட்டரியை நம்பி 20,200 கிலோமீட்டர் உயரத்துக்குக் குரல் கொடுக்கிறதாம்! உலகத்துக் கைபேசிகள் எல்லாம் ஒன்றாகக் கூப்பிட்டால், மேலே இருக்கும் முப்பத்துச் சொச்சம் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் யாருக்கென்று பதில் சொல்லும்?

உங்களுக்குத் தெரியாததல்ல. செயற்கைக்கோள் தன் பாதையையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து, வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்ப்பது கையில் இருக்கும் ரிசீவரின் வேலை. தலைக்கு நேர் மேலிருந்து என்றால் சுமார் 0.07 நொடி. அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். இதில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் போச்சு.

மேலே இருப்பது அணுக் கடிகாரம். கையில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ். அது தப்பாகத்தான் ஓடும். ஆனால் எல்லாத் தூரங்களும் அந்த ஒரே கடிகாரத்தில் அளந்தவை என்பதால், எல்லாவற்றிலும் ஒரே அளவு பிழை ஏறியிருக்கும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரத்தோடு நான்காவதின் தூரமும் கிடைத்துவிட்டால், இடத்தோடு சேர்த்து அந்தப் பிழையையும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். இந்த அழகான ஏற்பாட்டைத்தான் அந்தப் பக்கத்துப் படத்தில் உங்கள் ஓவியர் மூன்று செயற்கைக்கோள், மூன்று வட்டம் என்று முடித்துவிட்டார். வண்ணமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இது முதல்முறையும் இல்லை. இணையம் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலையே செய்யாது என்று முன்பொரு முறை எழுதினீர்கள். டவர் சிக்னலே எட்டாத காட்டுக்குள் நில அளவை செய்து சம்பாதிக்கிறவன் நான். இணையம் இருந்தால் செயற்கைக்கோள்களின் பாதை விவரம் சட்டென்று கைக்கு வரும். இல்லாவிட்டால் வானத்திலிருந்தே வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை விளக்கி அப்போதே கடிதம் போட்டேன். விளக்கத்தை வெட்டிவிட்டு, ‘தங்கள் இதழ் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டிருந்தீர்கள். நன்றி.

ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா என்று நினைக்க வேண்டாம். என்னிடம் வேலை பழக வரும் பையன்கள் இந்த மாதிரி வரிகளைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒருமுறை கண்ணாடிச் சுவர் வைத்த உயரமான கட்டடத்தின் அருகே நின்றிருந்தோம். திரையில் புள்ளி சாலையைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டது. “சேட்டிலைட் தப்பா சொல்லுது சார்” என்று ரிசீவரை அணைத்து அணைத்துப் போட்டான் பையன். சேட்டிலைட்டுக்கு நாங்கள் நிற்பதே தெரியாது. சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னல் கூடுதல் தூரம் சுற்றி வந்தது. ரிசீவர் அதையும் நேர்த்தூரம் என்று நம்பிவிட்டது. வெட்டவெளிக்கு நகர்ந்து நின்றதும் புள்ளி தானாகத் திரும்பியது. மேலே யாரோ பார்த்துச் சொல்கிறார்கள் என்று நம்புகிறவனுக்கு நகர்ந்து நிற்க எப்படித் தோன்றும்?

அடுத்த இதழில் இரண்டே வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். படத்தில் நான்காவது செயற்கைக்கோளையும் வரையச் சொல்லுங்கள். திருத்தம் அறிவியல் பக்கத்திலேயே வரட்டும். குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர், நில அளவையாளர்