டீச்சர் போன பிறகு

சிவமயம்

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே நானும் ஆத்தாவும் நலம். நீயும் பிள்ளையும் நலம்தானே? மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் வந்துவிடுகிறது, பதில்தான் வருவதில்லை. போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். ராத்திரி பத்து மணிக்கு என்ன மீட்டிங் என்று ஆத்தா கேட்கிறாள். நான் கேட்கவில்லை. காகிதம் என்றால் நிதானமாகப் படிப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே, போன தடவை பார்த்தபோது முகம் வெளுத்துக் கிடந்தது.

டீச்சர் காரியத்துக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. ஆனால் அன்றைக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ராயவரம், அரிமளம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் வந்ததைச் சொல்லவில்லை. கல் உடைக்கிற பெண்கள் இருந்தார்கள் பார், இப்போது எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள், அவர்கள் வந்தார்கள். ஒரு அம்மாள் நாலு மைல் சைக்கிளிலேயே வந்து, டீச்சர் வீட்டு வேப்பமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உள்ளே போகாமல் அந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது டீச்சர்தானாம்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டம் பூராவும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நீ சின்னப் பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. டீச்சர் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு, பொழுது சாய்ந்ததும் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு குவாரிப் பக்கம் போய்விடுவார். அனா ஆவன்னாவோடு சைக்கிளும் சேர்த்துத்தான் பாடம். பள்ளிக்கூட மைதானத்தில் நிலா வெளிச்சத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முப்பது நாற்பது வயசுப் பெண்கள் ஓட்டிப் பழகுவதும், விழுவதும், சிரிப்பதும், நம் முகப்பு வரைக்கும் கேட்கும். திண்ணையில் உட்கார்ந்து கேலி பேசியவர்களில் நானும் ஒருத்தன். மறுவருஷமே முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வாய் அடங்கியது.

பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். கல்யாண வீட்டில் எச்சில் இலை எடுக்க வந்த பெண்பிள்ளையை, வளவு நிறையச் சனம் இருக்கும்போதே கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். பெண் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். "இலை எடுக்க உங்க வீட்டுப் பிள்ளைகள் இருக்காகளே" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்க்கொண்டே இருந்தார். 2005-ல் ரிட்டயர் ஆன பிறகும் ஓயவில்லை. தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து ஆச்சிமார்களுக்குப் பாரம் பூர்த்தி செய்து கொடுப்பது, ஊரணியில் குப்பை கொட்டுகிறவர்களோடு மல்லுக்கு நிற்பது, பங்குனியில் காரைக்குடி கம்பன் விழாவுக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்காருவது.

உன்னைக்கூட நாட்டரசன்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனது அவர்தானே. பங்குனி அத்த நட்சத்திரத்தன்று, கம்பர் அடங்கிய இடத்து மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து உன் நாக்கில் வைத்துவிட்டு, இனி இவள் வாயை யாரும் மூட முடியாது என்றார். அப்படித்தான் இருந்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பட்டாலையில் பையைப் போடும்போதே ஆரம்பிக்கும் பேச்சு, ராத்திரி தூங்கும் வரைக்கும் ஓயாது. இப்போது உன்னிடமிருந்து ஒரு வரி வாங்குவதற்கு நான் எத்தனை வரி எழுத வேண்டியிருக்கிறது.

பிள்ளையார் நோன்புக்கு நீயும் பிள்ளையும் மட்டும் வந்தீர்கள். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் வேலை என்றாய். திரி வைத்த இழை மாவை எடுத்துக்கொடுக்கும்போது உன் கை நடுங்கியது. குளிர் என்றாய். நம்மூரில் அப்படி என்ன குளிர். சரி, அதை விடு. சென்னையில் வண்டி ஓட்டும்போது போன் பேசாதே. மாத்திரையை விடாதே. பிள்ளையின் பள்ளிக்கூடப் பீஸ் கட்டியாகிவிட்டதா? கட்டாவிட்டால் சொல், சுற்றி வளைக்காமல் சொல்.

உனக்கு எழுத வேண்டும் என்று என்னைக் கிளப்பிவிட்டது இதுதான். டீச்சருக்குச் சமைத்துப் போட்ட அம்மாள், காரியம் முடிந்த அன்று என்னிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை பொழுது சாஞ்சா உங்க மக போன் வந்துரும். டீச்சர் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுவாக. முடிச்சிட்டுச் சாப்பிட மாட்டாக." எத்தனை நாளாக என்று கேட்டேன். ரெண்டு வருஷம் இருக்கும் என்றாள். ரெண்டு வருஷம்! நாலு வீடு தள்ளி இருக்கிற எனக்கு ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். பெற்றவர்களிடம் சொல்லாததை ஊரார் ஒருத்தரிடம் சொல்கிறாளே என்று கோபம். ஆத்தா ஒன்றும் பேசவில்லை. விடியும் நேரத்தில், "உங்ககிட்ட எப்படிச் சொல்லும்" என்று மட்டும் கேட்டாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். 2007-ல் நீ பட்டப்படிப்பு முடித்ததும் டீச்சர் நம் வீட்டுக்கு வந்தார். நீ பின்கட்டில் இருந்தாய், காதில் விழுந்ததோ இல்லையோ. "இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க, பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கு, பஸ்ஸில் போய் எம்.எஸ்ஸி. முடிக்கட்டும், ஒரு வேலைன்னு கையில் இருக்கட்டும், அப்புறம் கல்யாணம் பேசுங்க" என்றார். எனக்குப் பேசி முடித்த அவசரம். சாமான் எல்லாம் வாங்கி அடுக்கியாகிவிட்டது. "உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தாத் தெரியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

இப்போதும் எழுதக் கை கூசுகிறது. அவர் பதில் பேசவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டே தெருமுனை வரை போனார், ஏறவில்லை. பத்து நாள் கழித்து அவரே வந்தார். கல்யாணப் பத்திரிகையை வாங்கி, சிவப்பு மையில் ரெண்டு ஒற்றுப் பிழையைத் திருத்தி, 'வாழ்த்துக்கள்' என்பதில் ஒற்றை அடித்து 'வாழ்த்துகள்' ஆக்கி, "என் பிள்ளை கல்யாணப் பத்திரிகையில் தப்பு இருக்கக்கூடாது" என்றார். என் பிள்ளை என்றுதான் சொன்னார். அந்த நிமிஷம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். காப்பி சாப்பிடுங்கள் என்றேன். அதன் பிறகு பதினெட்டு வருஷம் தினமும் முகம் பார்த்தேன், கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன், தூங்கிக்கொண்டிருந்தார், ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சைக்கிள் இப்போது நம் முகப்பில் நிற்கிறது. அவர் தங்கை மகன், உங்கள் மகளுக்குக் கொடுக்கச் சொன்னார் பெரியம்மா என்று கொண்டுவந்து விட்டான். டயர் ரெண்டையும் மாற்றிவிட்டேன்.

டீச்சரிடம் என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன். யார் சரி யார் தப்பு என்று பஞ்சாயத்தும் பேச மாட்டேன். ஊர் என்ன சொல்லும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாம் கட்டு அறைக்கு ஆத்தா வெள்ளையடித்து வைத்திருக்கிறாள், பிள்ளைக்குப் படிக்க மேசையும் போட்டாகிவிட்டது. பல்லவன் ரயிலில் வா. பகல் வண்டிதான் உனக்கு நல்லது. புதுக்கோட்டையில் இறங்கு, ஆட்டோக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்காதே. நீயும் பிள்ளையும் மட்டும் வந்தாலும் சரி, எத்தனை பெட்டியோடு வந்தாலும் சரி, நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

அப்பச்சி