அந்த மூன்றாம் நாள் திரும்ப வராது

ஆராய்ச்சி நிதிப் பிரிவின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் மாரடைப்பு ஆய்வுக்கான நிதியின் இரண்டாம் தவணை பதினான்கு மாதமாக வரவில்லை. அதை விடுவியுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

போன செவ்வாய் இரவு எங்கள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரின் கம்ப்ரெசர் நின்றுபோனது. பராமரிப்பு ஒப்பந்தம் காசில்லாமல் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. காவலாளி போன் செய்து நான் ஓடிவந்தபோது திரையில் மைனஸ் 31. உலர்பனி கேட்டு நள்ளிரவில் ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்களை எழுப்பினோம். அது வந்து சேர்வதற்குள், கதவோரத் தட்டிலிருந்த குப்பியைச் சாய்த்தால் உள்ளே அசைந்தது.

அத்தனையும் மாரடைப்பு வந்த மூன்றாம் நாள் எடுத்த ரத்தம். உடம்பில் அழற்சி உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அதில் ஒரு குப்பி கொடுத்த ஆட்டோக்காரர் இன்னொரு முறை கேட்டாலும் கை நீட்டுவார். அந்த மூன்றாம் நாளுக்கு எங்கே போவது?

இந்த ஆய்வால் என்ன பயன் என்று உங்கள் குறிப்பில் கேட்டிருந்தீர்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விளையும் கண்வலிக்கிழங்கின் விதையில் இருப்பது அழற்சியைத் தணிக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்து. மாரடைப்பு வந்த 4,745 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதைத் தினம் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து, பலன் உண்டு என்று 2019-இல் மாண்ட்ரியல் குழு சொன்னது. 2024-இல் ஏழாயிரம் பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையில் பலன் தெரியவில்லை. அப்படியானால் யாருக்கு இந்த மருந்து கேட்கிறது? தொப்பைக் கொழுப்பிலிருந்து அழற்சி கிளம்புகிறவர்களுக்கா? அதைத்தான் அந்தக் குப்பிகளில் தேடிக்கொண்டிருந்தோம். அந்தக் கிழங்கின் பூவான செங்காந்தள் நம் மாநிலப் பூ, விதை நம் காட்டில் விளைவது. விடை மட்டும் கனடாவிலிருந்து வந்தால் போதுமென்றால் சொல்லிவிடுங்கள், நாங்களும் வீட்டுக்குப் போகிறோம்.

வந்த பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் மூன்று முறை திரும்பி வந்தது. கடைசி முறை, வங்கி வட்டி 212 ரூபாயைத் தனி வரியில் காட்டவில்லையாம். காட்டிவிட்டோம். செப்டம்பர் 29, உலக இதய தினத்துக்கு வாசலில் கட்டிய சிவப்பு பலூன்களுக்கும் இப்படித்தான் கணக்குக் கேட்டீர்களா?

மன்னியுங்கள், கேட்க வந்தது அதுவல்ல. தப்பிய குப்பிகள் இப்போது பக்கத்துத் துறை ஃப்ரீசரில், மீன் மாதிரிகளுக்கு நடுவே இருக்கின்றன. மாதக் கடைசிவரைதான் இடம் தருவார்களாம். அதற்குள் இரண்டாம் தவணையை விடுவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் உள்ள ஆய்வாளர்