கேட் மூடாமல் சிக்னல் விழக் கூடாது

ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கும் தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூன் மாதம் சர்வதேச லெவல் கிராசிங் விழிப்புணர்வு நாள் வருகிறது. பாரிஸில் உள்ள சர்வதேச ரயில்வே ஒன்றியம் 2009 முதல் முன்னின்று நடத்தும் இயக்கம் அது. நம் ரயில்வேயும் சேர்ந்துகொள்கிறது. கேட் அருகே ஊழியர்கள் நின்று துண்டுப் பிரசுரம் தருகிறார்கள், "நில், கவனி, செல்" என்கிறார்கள். நல்ல காரியம்தான். மூடிய கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து, குனிந்து நுழைகிறவர்களை எங்கள் பக்கம் தினமும் பார்க்கிறேன். சிலர் பின்சீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டே நுழைகிறார்கள். அவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆனால் 2025 ஜூலை 8 காலையில், கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேனுக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு எந்தத் துண்டுப் பிரசுரம் உதவியிருக்கும்? கேட் மூடப்படவில்லை. விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் வேன்மீது மோதியது. மூன்று மாணவர்கள் போய்விட்டார்கள். அது ஆளில்லாத கேட்டும் இல்லை. தெலங்கானாவின் மாசாய்பேட்டையிலும் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரிலும் பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு, 2019 ஜனவரிக்குள் அகலப் பாதையில் ஆளில்லாக் கேட்டே இல்லை என்று செய்துகாட்டினீர்கள். பெரிய வேலை அது. ஆள் இருந்த கேட்டிலேயே இப்படி நடந்திருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

செம்மங்குப்பத்தைப் போல இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில், அதாவது கேட்டையும் சிக்னலையும் இணைக்கும் பூட்டு இல்லாத கேட்டில், எல்லாம் வாய்ச்சொல்தான். வண்டி வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்கிறார். கேட் கீப்பர் கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு, கையில் இருக்கும் தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்கிறார். பிரைவேட் நம்பர் என்பார்கள். அது பதிவேட்டில் ஏறிவிட்டால் கேட் மூடியதாகக் கணக்கு. கேட்டை இறக்கிவிட்டுச் சொன்னாரா, தூக்கக் கலக்கத்தில் சொன்னாரா என்பது சிக்னலுக்குத் தெரியாது. பல கேட்டுகளில் இன்னும் 12 மணி நேர டியூட்டி என்பதையும் நினைத்துப் பாருங்கள். இன்டர்லாக்கிங் இருந்தால் கேட் இறங்கிப் பூட்டினால்தான் ரயிலுக்கு வழிவிடும் சிக்னல் விழும். கீப்பர் அசந்துவிட்டால் ரயில் வெளியே நிற்கும். தாமதமாகும், அவ்வளவுதான்.

செம்மங்குப்பத்துக்குப் பிறகு, இன்டர்லாக்கிங்குக்கான வரம்பை 20,000 டிவியுவிலிருந்து 10,000 ஆக்கினார் அமைச்சர். கேட்டைக் கடக்கும் ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கி வரும் கணக்கு அது. வரவேற்கிறேன். ஆனாலும் காலையில் நாலு டிராக்டர், ஒரு பள்ளி வேன் மட்டும் போகும் கிராமத்துக் கேட் அந்தக் கணக்கில் எப்போது தேறும்? வேனுக்குள் எத்தனை பிள்ளைகள் என்று அந்தப் பெருக்கல் கேட்பதில்லை. சிசிடிவி வைக்கச் சொன்னதும் சரிதான், ஆனால் இழுத்து மூட வேண்டியது கேட்டை.

கேட்டுகளையே ஒழித்துவிட்டால் நல்லது என்பீர்கள். 2012-இல், ரயில் பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு, ஐந்து ஆண்டுகளில் எல்லா லெவல் கிராசிங்கையும் அகற்றச் சொன்னது. செம்மங்குப்பத்திலும் சுரங்கப்பாதைக்கு ஓராண்டாக மாவட்ட நிர்வாகம் அனுமதி தரவில்லை என்றது தெற்கு ரயில்வே. ஊர்க்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதைகளைப் பார்த்தவர்கள், கேட்டே இருக்கட்டும் என்றுதான் சொல்வார்கள். அப்புறம் கோப்பு இழுத்துக்கொண்டே போகும். அதுவரை வேன் அதே கேட் வழியாகத்தான் போகும்.

ஆகவே, பள்ளி வண்டி போகும் எல்லாக் கேட்டுகளுக்கும் டிவியு பார்க்காமல் முதலில் இன்டர்லாக்கிங் கொடுங்கள். கேட் கீப்பர்களுக்கு எட்டு மணி நேர டியூட்டி கொடுங்கள். ஜப்பானில் கேட் ஓரமாகவே அவசரப் பொத்தான் இருக்கிறது. தண்டவாளத்தில் வண்டி மாட்டிக்கொண்டால் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம், ஓட்டுநருக்கு அபாய விளக்கு தெரியும். அமெரிக்காவில் கிராசிங்குகளில் நீலப் பலகை உண்டு, அந்த கிராசிங்கின் எண்ணும் அவசரத் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். பலகைக்கு என்ன பெரிய செலவு? தமிழில் எழுதி வையுங்கள், அழைத்தால் எடுக்க ஆள் போடுங்கள். ஒவ்வொரு கோட்டத்திலும் இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டுகள் எவை, எதற்கு எந்தத் தேதிக்குள் வரும் என்ற பட்டியலை அந்தந்த ஸ்டேஷனில் ஒட்டுங்கள். அடுத்த ஜூனில் துண்டுப் பிரசுரத்தோடு நீங்கள் வரும்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுவோம்.

இப்படிக்கு,
பிள்ளையைப் பள்ளி வேனில் அனுப்பும் ஒரு தகப்பன்